தியாகராய நகர் வழியாகப் பினாங்கு

பினாங்குக்கு டிக்கெட் வாங்கப் போன ஷரீஃபிடம் கப்பல் ஆபீஸ் குமாஸ்தா பணம் கேட்கவில்லை. அந்த ஊரில் உருளைக்கிழங்கு என்ன விலை என்று கேட்டான்.

"போய்ப் பாத்துட்டுக் கடுதாசி போடறேங்க" என்றான் ஷரீஃப்.

"போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். சபைப் பத்திரம் கொண்டா. பத்திரம் இல்லேன்னா டிக்கெட் இல்லே."

குமாஸ்தாவின் தலைக்கு மேல் ஆணியில் ஒரு காகிதம் தொங்கிற்று. 'கடல் கடந்து உழைக்கச் செல்வோர் ஜீவனச் செலவு முன்னறி சபை, மயிலாப்பூர்' என்று மேலே தடித்த எழுத்து. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற புது ஆட்கள் அங்குள்ள விலைவாசி தெரியாமல் போய்த் திண்டாடுகிறார்களாம். ஆகையால் சபையின் பரீட்சையில் தேறியவர்களுக்கு மட்டும் டிக்கெட் கொடுக்கும்படி சபை வேண்டிக்கொள்கிறதாம். வேண்டுகோள்தான்; சர்க்கார் உத்தரவு இல்லை. யாரோ ஒருவன் அதை ஆணியடித்து மாட்டினான். ஆபீஸில் மாட்டிய காகிதத்தைக் கழற்றும் அதிகாரம் யாருக்கு என்று தெரியாததால் ஒருவரும் கழற்றவில்லை. இரண்டு வருஷம் தொங்கியதில் அது சட்டமாகிவிட்டது.

ஷரீஃப் கச்சேரி ரோட்டு ஜவுளிக் கடை ஒன்றில் பதினைந்து வருஷம் இருந்தவன். உட்கார்ந்து விற்கிற வேலை இல்லை. மொத்தக் கடைகளுக்குப் போய் வாங்குகிற வேலை. பீஸ் ஐந்து ரூபாய் என்று ஒருவன் சொன்னால், ஷரீஃப் துணியைத் தொடாமலே நாலு ரூபாய்க்கு இறக்கிவிடுவான். தொட்டால் மூன்றே முக்கால். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டால் மூன்றரை. இந்த வாய்க்காகத்தான் பினாங்கில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் அப்துல் வஹீத் அவனைக் கூப்பிட்டிருந்தார். மாதம் நாற்பது ரூபாய். மார்ச் ஐந்தாந்தேதிக்குள் வந்து சேரவேண்டும். இங்கே கடை முதலாளியோ, விலையெல்லாம் விழுந்துபோச்சு என்று சொல்லி இருபது ரூபாய் சம்பளத்தைப் பன்னிரண்டாக்கி இருந்தார். ஷரீஃப் கடையை விட்டு நின்றுகொண்டான். மனைவி சகினாவின் வளையல் நாலும் சேட்டுக் கடைக்குப் போய் எழுபது ரூபாயாகத் திரும்பி வந்தன. கப்பலுக்கு முப்பத்தெட்டு, மிச்சம் அங்கே முதல் சம்பளம் வரைக்கும் கைச்செலவுக்கு.

பிப்ரவரி முதல் தேதி அவன் சபைக்குப் போனான். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி அறை. காரியதரிசி நாகராஜ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"பேர்?"

"ஷரீஃப்."

"எங்கே போறீர்?"

"பினாங்குங்க."

"அங்கே ஒரு மனுஷனுக்கு மாசம் என்ன செலவாகும்?"

"மனுஷனைப் பொறுத்துங்க."

நாகராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "இப்படித்தான் சொல்றது எல்லாரும். மனுஷனைப் பொறுத்தா விலைவாசி இருக்கு? பட்டியலைப் பொறுத்துன்னா இருக்கு! பதிவுக் கட்டணம் மூணு ரூபாய். பத்து நாள் பரீட்சை இல்லத்துல வாசம். அதுக்கு இருபது ரூபாய். அந்த இருபது ரூபாயில பினாங்கு விலைக்குப் பத்து நாள் சாப்பிட்டுக் காட்டினீர்னா பத்திரம்."

"பினாங்கு விலைக்கு இங்கேயா?"

"அங்கே போய்க் காட்டினா அப்புறம் பரீட்சை எதுக்குங்காணும்?"

வியாபாரத்தில் பதில் தெரியாதவன் பணத்தை எடுப்பான். எடுத்தான்.

பரீட்சை இல்லம் தியாகராய நகரில் இருந்தது. அப்போது அது பாதி ஊர், பாதி மனைக்கட்டு. பூங்காவைத் தாண்டிப் போனால் கல் நட்ட காலி நிலங்களுக்கு நடுவே ஒரு புது வீடு. வாசலில் 'பினாங்கு' என்று பலகை. உள்ளே போனதும் நாகராஜ் இருபது ரூபாயை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு தகர வில்லைகளைக் கொடுத்தார். டாலராம். பிறகு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். அதில் முப்பத்தொரு விதிகள் இருந்தன. மூன்றாவது விதியை மட்டும் வாயாலும் சொன்னார்.

"கேட்டுக்கு அந்தப் பக்கம் தெரு இருக்கே, அது வங்காள விரிகுடா. காலை வைக்கப்படாது. வைச்சா வாசம் முறிஞ்சுபோகும், பணம் திரும்பாது."

ஷரீஃப் வங்காள விரிகுடாவைப் பார்த்தான். ஒரு எருமை அதில் படுத்திருந்தது.

சாமான் வாங்க வீட்டுக்குள்ளேயே ஒரு கடை. விலைப்பட்டியல் பலகையில் எழுதித் தொங்கிற்று. கடையில் உட்கார்ந்திருந்தவள் சொர்ணம். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வேலைக்கு வருகிறவள். தினம் நாலு தடவை கூடையோடு வங்காள விரிகுடாவைக் கடந்துபோய், எதிர்ச் சாரியில் ஊர் விலைக்கு வாங்கிவந்து, பினாங்கு விலைக்கு விற்பது அவள் வேலை. லாபம் சபைக்கு. அவளுக்கு மாதம் ஆறு ரூபாய்.

"முட்டை இன்னா விலை?" என்றான் ஷரீஃப்.

"போர்டைப் பாரு பாய். இருவது சென்ட்டு."

"முட்டைக்கா, கோழிக்கா?"

"கோழி வந்து கேட்டுச்சின்னா அதுகிட்ட வேற வெல சொல்லிக்கிறேன். உனுக்கு இருவது."

"எட்டுன்னு போடு."

"எட்டா? இன்னா நைனா, கப்பல்ல வந்த முட்டை!"

"கப்பல் தெரியுமே, அந்தாண்ட படுத்துகினு கீது. வாலை ஆட்டிகினு." ஷரீஃப் முட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். "கொழகொழன்னுது. ஏழு."

"அய்ய! ஏறுவியா, இறங்குவியா நீ?"

"நீ இறங்கு, நான் நின்னுக்கறேன்."

சொர்ணம் சிரித்துவிட்டாள். பலகையைப் பார்த்து வாயடைத்துப்போய்ப் பணம் கொடுத்தவர்களையே அவள் இரண்டு வருஷமாகப் பார்த்திருந்தாள். பேரம் பேச ஆளில்லாமல் அவளுக்கு நாக்கே துரு ஏறிப்போயிருந்தது. "சரி, பத்து. எடுத்துகினு ஓடு. என் வூட்டுக்காரன் கூட இப்படிப் பேசமாட்டான்" என்றாள்.

அரிசி, பருப்பு, மீன், விறகு என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கு இறங்கிற்று. பட்டியலில் வேறு சில இனங்களும் இருந்தன: குளிர்காய நிலக்கரி, கம்பளிக் கையுறை, நாய் ரொட்டி, ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை. இவை எதற்கென்று ஷரீஃப் கேட்டதற்கு நாகராஜ் விளக்கம் சொன்னார். சபைத் தலைவர் ராவ் பகதூர் ரகுபதி பட்டியல் தயாரிக்கும்போது, இங்கிலாந்தில் ஒரு பாங்கு குமாஸ்தாவின் குடும்பச் செலவுப் புஸ்தகம் மூர் மார்க்கெட்டில் எட்டணாவுக்குக் கிடைத்ததாம். ஊர்ப் பெயரை அடித்துவிட்டுப் பினாங்கு என்று எழுதிக்கொண்டாராம்.

"அது குளிர் ஊராச்சுங்களே."

"கடலுக்கு அப்பால்னு ஆச்சு. அப்புறம் எந்த ஊரா இருந்தா என்ன?"

"காணிக்கை ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கு. நமக்கு வெள்ளிக்கிழமைங்க."

"ஞாயித்துக்கிழமை குடுத்துட்டு வெள்ளிக்கிழமைன்னு நினைச்சுக்கும்."

பத்தாம் நாள் ஷரீஃப் கையில் ஆறு டாலர் மிஞ்சி இருந்தது. உடம்பும் ஒரு சுற்றுப் பருத்திருந்தது. பினாங்கு என்றால் இவ்வளவுதானா என்று சந்தோஷமாகக் காத்திருந்தான். ராவ் பகதூர் ரகுபதி அடையாறு பங்களாவிலிருந்து மோட்டாரில் வந்து இறங்கினார். வெள்ளைத் தலைப்பாகை, சங்கிலி கோத்த கடிகாரம். டிப்டி கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சமுத்திரத்தைச் சாந்தோம் மணலில் உட்கார்ந்து பல மாலைகள் பார்த்திருக்கிறார். முழங்காலுக்கு மேல் அதில் இறங்கினதில்லை. ஆறு வில்லைகளையும் கையில் வாங்கி எண்ணினார். முகம் கறுத்தது.

"மிஸ்டர் நாகராஜ், இது என்ன?"

"மிச்சம், சார்."

"இந்தப் பட்டியலைத் தயாரிக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. இவன் பத்து நாளில் அதைப் பாதியாக்கிவிட்டான்! நாளைக்கு இவன் பினாங்குக்குப் போய் இதே மாதிரி பாதிச் செலவில் வாழ்ந்துவிட்டால் உலகம் என்ன சொல்லும்? பட்டியல் தவறு என்று சொல்லும். ஒரு தனி ஆசாமியின் வயிற்றுக்காக ஒரு பட்டியலைத் தவறாக்க நாம் சம்மதிக்க முடியுமா?"

"எசமான்" என்றான் ஷரீஃப், "வெல பேசினேன். குறைஞ்சிது. அவ்வளவுதாங்க."

"பதினான்காவது விதி! பேரம் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறாய்."

"பேரம் பேசறதுதாங்க நம்ம தொழிலே. அதுக்குத்தான் அங்கே கூப்பிட்டிருக்காங்க."

"அங்கே போய்ப் பார்க்க வேண்டிய உத்தியோகத்தை இங்கேயே பார்க்கிறாயா? நீ இன்னும் வேலையில் சேரவில்லையே!" ராவ் பகதூர் திரும்பி, அங்கே பெரிய கூட்டம் இருப்பதுபோலச் சொர்ணத்தையும் எருமையையும் பார்த்துப் பேசினார். "குறைவாகச் செலவழிப்பவன் பட்டினி கிடக்கிறான். அதிகமாகச் செலவழிப்பவன் கடன்படுகிறான். ஆகவே சரியாகச் செலவழிக்க வேண்டும். சரி எது என்று எங்களுக்குத் தெரியும். இவன் தோற்றான்."

ஆறு டாலரை ரூபாயாக மாற்றித் தரும்படி ஷரீஃப் கேட்டான். அந்நிய நாணயம் மதராஸில் செல்லாது என்று நாகராஜ் வருத்தத்தோடு சொல்லி, வில்லைகளை மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்.

அன்று பத்தாந்தேதி. கப்பல்கள் இரண்டு இருந்தன: பதினாறில் ஒன்று, இருபத்துமூன்றில் ஒன்று. இருபத்துமூன்றைத் தவற விட்டால் மார்ச் ஐந்துக்குப் போய்ச் சேரமுடியாது. ஷரீஃப் ஒரு நாள் வீட்டில் படுத்து யோசித்தான். பன்னிரண்டாந்தேதி இன்னொரு இருபது ரூபாயைக் கட்டினான். இனி மிச்சம் இருபத்தேழு. டிக்கெட்டுக்குப் போதாது, இந்தத் தடவை பத்திரம் வந்ததும் கச்சேரி ரோட்டு முதலாளி காலில் விழுந்து பத்துப் பதினைந்து வாங்கிவிடலாம் என்று சகினாவிடம் சொன்னான்.

"அவரு குடுப்பாரா?" என்றாள் சகினா.

"கேட்டுப் பாக்கலாம்" என்றான். விலை பேசும்போது அவன் குரல் அப்படித் தணிந்து இருப்பதில்லை.

இரண்டாம் தடவை அவன் தலை நிமிரவில்லை. பலகையில் என்ன எழுதியிருந்ததோ அதைக் கொடுத்தான். சொர்ணத்துக்குத்தான் தாங்கவில்லை.

"பாய், அவுரு வெளியே போய்க்கினாரு. நாலு சென்ட்டு கொறச்சிக்க, யாருக்குத் தெரியும்?"

"வேணாம் சொர்ணம்மா. இருவதே வாங்கிக்க."

"ஒரு முட்டைக்கு இருவது வாங்குனா என் கை வெளங்குமா? பன்னெண்டு குடு."

"இருவது."

"பதினஞ்சு. அதுக்கு மேல நான் தொடமாட்டேன்."

"இருவது வாங்கிக்கயேம்மா, உன் புள்ளைங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

ஜன்னலுக்கு வெளியே நாகராஜ் நின்றுகொண்டிருந்தார். "ஏற்றிப் பேசினாலும் அது பேரம்தான்" என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். எச்சரிக்கை ஒன்று.

மறுநாள், பதிமூன்றாந்தேதி சாயங்காலம், சகினா கேட்டருகில் வந்து நின்றாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை நீட்டினாள். பினாங்குத் தபால் தலை, அரக்கு முத்திரை. கணவனுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. பிரித்தாலும் படிக்கத் தெரியாது.

"இந்தாங்க, மொதலாளி கடுதாசி போட்டிருக்காரு! இன்னான்னு பாருங்க!"

ஷரீஃப் ஓடிவந்தான். கேட்டுக்கு முன்னால் நாகராஜ் குறுக்கே நின்று கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

"அது எனக்குங்க!"

"இல்லைன்னு யார் சொன்னா? இது மதராஸ்லேருந்து பினாங்குக்கு வந்த தபால். கப்பல்ல எட்டு நாள் ஆகும். எட்டாம் நாள் தரேன்."

"அய்யா, அது பினாங்குலேருந்து வந்துதுங்க!"

நாகராஜ் இதை நியாயமாக யோசித்தார். "பினாங்குலேருந்து மதராஸுக்கு வந்தாச்சு. அது முடிஞ்சுபோன பிரயாணம். இப்போ மறுபடி பினாங்குக்குப் புறப்பட்டிருக்கு. எட்டு நாள்தான்."

கடிதம் 'கப்பல் தபால்' என்று எழுதிய பெட்டிக்குள் விழுந்தது.

"பிரிச்சி ஒரு வரி படிங்களேன்!" என்று கத்தினாள் சகினா.

"அந்தம்மா என்ன கத்தினாலும் நீர் பதில் சொல்லப்படாது" என்றார் நாகராஜ் ஷரீஃபிடம். "மதராஸ்ல பேசினா பினாங்குல கேக்காது. கேட்டுதுன்னா எச்சரிக்கை ரெண்டு. ரெண்டு ஆனா வாசம் முறிஞ்சுது."

எட்டடி தூரத்தில் சகினா நின்றாள். அவள் உதட்டிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. வீட்டில் உப்பு தீர்ந்துபோனது, சின்னதுக்கு இருமல், சேட்டு வட்டிக்கு ஆள் அனுப்பியது. ஷரீஃப் கேட்காதவன் போலக் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றான். எட்டிக் குதித்து வெளியே போயிருக்கலாம். இருபது ரூபாய் உள்ளே இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாங்க, கோவமா?" என்று கேட்டுவிட்டு, அவள் நடந்தாள்.

அன்றிரவு சொர்ணம் புறப்படும்போது, "பெட்டியை ஒடச்சிடலாமா பாய்?" என்றாள். ஷரீஃப் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். உடைத்தால் அது எத்தனையாவது விதியோ.

மீதி நாட்களில் அவனுக்கு ஒரே வேலை, செலவழிப்பது. பசி இல்லாதபோதும் மீன் வாங்கினான். கையுறை வாங்கினான். கடைசி நாள் ஒன்றேகால் டாலர் மிஞ்சியது. நிலக்கரியும் நாய் ரொட்டியும்தான் பாக்கி. இரண்டையும் வாங்கினான். நாகராஜ் பார்க்கவேண்டும் என்பதற்காகப் பட்டப்பகலில் கூடத்தில் கரியை மூட்டி, கையுறை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. நாய் இல்லாததால் ரொட்டியை என்ன செய்வது என்று கேட்டான். விதியில் ரொட்டியை வாங்கச் சொல்லியிருக்கிறதே ஒழிய நாயைப்பற்றி ஒன்றும் இல்லை என்றார் நாகராஜ். ஷரீஃப் அதைத் தானே தின்றான்.

இருபத்தோராந்தேதி ராவ் பகதூர் வந்தார். கணக்கு பைசா சுத்தமாகப் பன்னிரண்டு டாலர். "பேஷ்! சபையின் சரித்திரத்திலேயே பட்டியல் இவ்வளவு துல்லியமாக நிரூபணமானதில்லை!" என்று ஷரீஃபின் முதுகில் தட்டினார். பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் இரண்டு ரூபாய். அதைக் கட்டியதும் நாகராஜ் பெட்டியைத் திறந்து கடிதத்தை நீட்டினார். "வந்துடுத்து பாரும், உம்ம தபால். நாள் தவறலே" என்றார்.

ஷரீஃப் அங்கேயே பிரித்துப் படித்தான். அப்துல் வஹீத் எழுதியிருந்தார்:

'டிக்கெட்டுக்கு நீ செலவழிக்க வேண்டாம். மண்ணடியில் நம் ஏஜெண்டிடம் சொல்லியிருக்கிறேன். பதினாறாந்தேதிக் கப்பலுக்கு உன் பேரில் டிக்கெட் தருவான். காகிதம் பத்திரம் எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான். பதினாலாந்தேதிக்குள் போய் அவனைப் பார். தவறினால் இருபத்துமூன்றில் உன் செலவில் வா. அதுவும் இல்லையென்றால் இங்கே ஒருவன் நாலு நாளாகக் கடை வாசலில் காத்திருக்கிறான், அவனை வைத்துக்கொள்வேன். வருத்தம் வேண்டாம்.'

மண்ணடிக்கு ஓடினான். ஏஜெண்டு நல்ல மனிதர்; உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். "பதினஞ்சாந்தேதி மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தேன் தம்பி. ஆளே வரலே. வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன். எங்கே போயிருந்தீங்க?"

"பினாங்குக்குங்க" என்றான் ஷரீஃப்.

கச்சேரி ரோட்டு முதலாளி பத்து ரூபாய் தருவதாகத் தலையாட்டிவிட்டு, பிறகு அவன் விட்டுப்போனதை நினைத்துக்கொண்டு தலையாட்டுவதை நிறுத்திக்கொண்டார். இருபத்திரண்டாந்தேதி காலை ஷரீஃப் அடையாற்றுப் பங்களாவுக்குப் போனான். கையில் பத்திரமும் இருபத்தைந்து ரூபாயும் இருந்தன.

"எசமான், பதிமூணு ரூபா கொறயுது. மொத தடவை மிச்சம் புடிச்ச ஆறு டாலரு, அதைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா மீதிக்கு எங்கியாச்சும் அலைஞ்சி பாக்கறேன். நாளைக்குக் கப்பலுங்க."

ராவ் பகதூர் காப்பியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"நாற்பத்தைந்து ரூபாய் செலவாகிவிட்டதா?"

"ஆமாங்க."

"இருபது நாளில்?"

"ஆமாங்க எசமான்."

"பார்த்தாயா! இந்தப் பணம் பினாங்குக்குப் போன பிறகல்லவா கரைந்திருக்கும்! அந்நிய தேசம், முகம் தெரியாத ஜனங்கள், அங்கே நீ என்ன செய்திருப்பாய்? இப்போது பார், உன் சொந்த ஊரில், நாலு பேர் தெரிந்த இடத்தில் கரைந்திருக்கிறது. இதற்குத்தான் நான் சபையை ஆரம்பித்தேன்."

"அங்கே போயிருந்தா சம்பளம் வந்திருக்குங்களே, எசமான்."

"சம்பளம் எங்கள் ஆராய்ச்சிக்கு உட்பட்டதல்ல" என்றார் ராவ் பகதூர். "நாங்கள் செலவை மட்டுமே ஆராய்கிறோம்." காரியதரிசிக்கு எழுதி அனுப்ப ஒரு குறிப்பு எடுத்துக்கொண்டார். பியூனைக் கூப்பிட்டு, வந்தவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

இருபத்துமூன்றாந்தேதி கப்பல் போயிற்று. அதில் ஷரீஃப் இல்லை. மார்ச் மாதத்தில் இருபத்தைந்து ரூபாய் தீர்ந்தது. ஏப்ரலில் வளையல் சேட்டோடு போயிற்று. வேலை கேட்டு ஏறிய கடைகளில் எல்லாம், பினாங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் ஏன் திரும்பிவந்தான், அங்கே என்ன தப்புப் பண்ணினான் என்று விசாரித்தார்கள்.

ஜூன் மாதத்தில் சபையின் ஆண்டறிக்கை அச்சாயிற்று. மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் ராவ் பகதூர் அதை வாசித்தார். இவ்வாண்டில் சபையின் பரீட்சையில் தேறியவர்கள் நாற்பத்தொருவர். அவர்களில் கடல் கடந்த நாட்டுக்குப் போய்ப் பட்டினி கிடந்தவர்கள் எண்ணிக்கை: பூஜ்யம். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நாற்பத்தொருவரில் எத்தனை பேர் கடல் கடந்தார்கள் என்று கேட்டார். அது புள்ளிவிவரத்தைக் குழப்பும் கேள்வி என்று தலைவர் அவரை உட்காரச் சொன்னார்.

நாற்பத்தோராவது ஆளான ஷரீஃபின் வீட்டில் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. சின்னது பசித்து அழுதுவிட்டுத் தூங்கிற்று. ஆனால் அந்த வீடு மயிலாப்பூரில் இருந்தது. சபையின் பட்டினிக் கணக்கு கடலுக்கு அப்பால்தான் தொடங்குகிறது.